மேட்டூர்க் கணக்கு தெரிஞ்ச மருமவனுக்கு

மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடின்னு கேட்டா நம்ம மருமவன் தூக்கத்துலகூட சொல்லுவாரு. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ல திறப்பாங்களா தள்ளிப்போடுவாங்களா, கல்லணையில காவிரிக்கு எவ்வளவு பிரிச்சாங்க, வெண்ணாத்துக்கு எவ்வளவு, கொள்ளிடம் வழியா எவ்வளவு வீணாக் கடல்ல விழுந்துச்சு, அத்தனையும் அத்துப்படி. மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில உக்காந்துக்கிட்டு நீர்வளத்துறை எஞ்சினீயருக்கே வகுப்பெடுக்குற ஆளு. ஆனா சொந்த அம்பாசடர் ரேடியேட்டர்ல முந்தாநாள் ஊத்துன தண்ணி எங்கே போச்சுன்னு கேட்டா மட்டும் திருதிருன்னு முழிக்கிறாரு. இந்தத் தண்ணியக் கர்நாடகாக்காரன் மறிக்கலப்பா. இதுக்கு நடுவர் மன்றமும் கிடையாது.

வாங்குனப்போ என்ன பேச்சு பேசுன மருமவனே! "மாமா, இது இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா"ன்ன. ஒத்துக்குறேன். வங்காளத்துல உத்தரபாராங்குற ஊருல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்காரன் அம்பதுகள் கடைசியில அடிக்க ஆரம்பிச்சவன், 2014 மே மாசம் கதவைச் சாத்துற வரைக்கும் அந்த மூஞ்சியப் பெருசா மாத்தல. சீமையில மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஓட்டி அலுத்துப்போனதை நாம வாங்கிவந்து அரை நூற்றாண்டு ஓட்டுனோம். 2017-ல அந்தப் பேரை மட்டும் பெஜோ கம்பெனி 80 கோடி ரூவாய்க்கு வாங்குச்சு. வெறும் பேருக்கு! பேரோட வண்டியையும் சேர்த்து நீ என்ன விலைக்கு வாங்குனேன்னு சொன்னா அந்தப் பிரெஞ்சுக்காரன் மாரடிச்சுக்குவான்.

உன் வண்டியில இருக்குறது பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. நீ பண்ணுன அக்கிரமத்தையெல்லாம் அது தாங்குனதுக்கு அதுதான் காரணம், உன் அதிர்ஷ்டம் இல்ல. இதே மாருதி 800-ஆ இருந்தா அலுமினிய ஹெட். அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு பங்கு விரியும். நல்லாக் கொதிக்க விட்டியானா ஹெட் வளைஞ்சு லேத்துக்குப் போவும், நீ பஸ்ஸுல போவ.

உன் வைத்தியமெல்லாம் காதுக்கு வந்துச்சு. டிக்கியில அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு, குடும்பத்துல ஒருத்தனாட்டம் கூடவே வருது. அப்புறம் ரேடியேட்டர்ல மஞ்சத்தூள். அந்த வித்தைய வழியில ஒழுகுற அன்னைக்கு ஊரு போய்ச் சேர்றதுக்காகச் செய்வானுவ. ஊசித்துளைய அது கொஞ்ச நேரம் அடைக்கும். நீ வெள்ளிக்கிழமை தவறாமப் போட்டிருக்க. துளை அடைஞ்சுதோ இல்லையோ, உள்ளே தண்ணி ஓடுற மெல்லிசுக் குழாய் நிச்சயம் அடைஞ்சிருக்கும். அதோட நிறுத்துனியா? வைத்தீஸ்வரன்கோயில் போயி ஏடு வேற பார்த்தியாம். செவ்வாய் உச்சத்துல நிக்குது, அதான் சூடுன்னு சொன்னானாம். ஏடு எடுக்கக் கட்டைவிரல் ரேகை கேப்பானே, வண்டிக்கு எதை உருட்டுன மருமவனே, டயரையா?

பட்டறையில ஒருத்தன் போனட்டைத் தூக்காமலே "எஞ்சின் வேலை வந்துடுச்சுண்ணே"ன்னு சொல்லி முன்பணமும் கேட்டிருக்கான். நீயும் நகைக்கடன் பத்தி விசாரிக்கிற. கொஞ்சம் பொறு.

உன் மேல முழுத்தப்பும் இல்ல. நம்ம வளர்ப்பு அப்படி. உங்க தாத்தா வயல்ல அஞ்சு எச்.பி. ஆயில் எஞ்சின் வச்சு இறைச்சாரு. அதுல பம்பு தள்ளுற தண்ணியிலேர்ந்து சின்னக் குழாய்ல கொஞ்சம் பிரிச்சு எஞ்சினுக்குள்ள விடுவாங்க. சூட்டை வாங்கிக்கிட்டு அது வாய்க்கால்ல விழும். புதுத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், பழசு போய்க்கிட்டே இருக்கும், மூடியும் இல்ல, அழுத்தமும் இல்ல. வாய்க்கால் ஓரத்துல பொறந்தவனுக்கு எஞ்சின் தண்ணின்னா அதுதான். நீயும் ரேடியேட்டரை அதே புத்தியில நடத்துற: போறது போவட்டும், ஊத்துறது ஊத்துவோம். கார் அப்படி இல்லடா. அதுல ஊத்துன ஏழெட்டு லிட்டரும் அதே ஏழெட்டு லிட்டராச் சுத்திக்கிட்டே கிடக்கணும். அடிக்கடி ஊத்துற நிலைமை வந்தாலே எங்கேயோ மடை உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

முதல்ல ஒண்ணு சொல்லு. தினம் காலையில கழுத்து வழிய ஊத்துறியா? ஊத்துவ. நிறைஞ்சு நின்னாதானே நமக்கு மனசு நிறையும். உன் வண்டியில பக்கவாட்டுல பிளாஸ்டிக் டப்பா கிடையாது. மூடிக்குக் கீழேர்ந்து ஒரு குழாய் நேரா ரோட்டைப் பார்த்து இறங்குது. தண்ணி 30 டிகிரியிலேர்ந்து 90 டிகிரிக்குச் சூடாவும்போது நூத்துக்கு மூணு பங்கு விரியும். எட்டு லிட்டருக்குக் கால் லிட்டர் கூடுதலா ஆவும். அதுக்கு இடம் வேணுமே! நீ இடமே விடல, அது மூடியத் தள்ளிக்கிட்டு ரோட்டுல ஊத்திட்டுப் போவுது. ஆறுனதும் திறந்து பார்க்குற, ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு. "ஐயோ போச்சே"ன்னு திரும்ப ஊத்துற. மறுநாளும் அதே கால் லிட்டர் ரோட்டுக்கு. இதை நோவுன்னு சொல்லி எவனாவது எஞ்சினைப் பிரிச்சா அவன் புத்திசாலி. கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே மட்டத்தை நிறுத்து. நாலு நாள் ஊத்தாம ஓட்டு. மட்டம் அங்கேயே நின்னுச்சுன்னா உனக்குக் கெட்டுப்போனது வண்டி இல்ல, கை.

அதுக்கும் கீழே இறங்குனா மூடியைப் பாரு. எஞ்சின் ஆறின பெறவு பாரு! மேல் ஹோஸைக் கையால அமுக்கு. விறைச்சுக்கிட்டு நின்னா உள்ளே இன்னும் அழுத்தம் இருக்குன்னு அர்த்தம், தொடாதே. சூட்டுல மூடியத் திருகுனா நூறு டிகிரிக்கு மேல அடங்கிக்கிடந்த தண்ணி ஒரே நொடியில ஆவியாகி மூஞ்சியில அடிக்கும். துணி போட்டுத் திறந்தேன், தலைய ஒதுக்கிக்கிட்டுத் திறந்தேன்னு வீரம் பேசுன பயலுவ இந்த மாவட்டத்துல இருக்கானுவ. பல பேரு முழுக்கைச் சட்டைதான் போடுவானுவ.

அந்த மூடி வெறும் மூடின்னுதானே நினைச்ச? அதுக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. பெருசு ஸ்பிரிங் போட்டது. உள்ளே அழுத்தம் ஏறுற வரைக்கும் அமுக்கிப் புடிச்சிருக்கும். வெறுமே திறந்து கிடந்தா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் தாங்குற மூடி போட்டா 111 வரைக்கும் கொதிக்காது, 13 பவுண்டு போட்டா ஏறக்குறைய 118 வரைக்கும் தாங்கும். அந்தப் பத்துப் பதினெட்டு டிகிரிக்காகத்தான் அந்த ஸ்பிரிங். ரப்பர் விறைச்சுப்போயி ஸ்பிரிங் தளர்ந்துட்டா, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லாமலே தண்ணி 100-லயே கொதிச்சு வழியும். நீ பார்க்குற எடத்துல புகை, அலறல், கூட்டம். காரணம் ரெண்டு பிரியாணிக் காசு பெறாத ஒரு மூடி.

நடுவுல இருக்குற சின்ன வால்வு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகுமே, அப்ப அது திறந்து காத்தையோ டப்பாத் தண்ணியையோ உள்ளே விடணும். காலையில ஹோஸ் சப்பையா ஒட்டிக்கிடந்தா அந்தச் சின்ன வால்வு அடைச்சிருக்கு. நகத்தால மெல்ல இழுத்து விடு. பட்டுன்னு திரும்ப உக்காரணும். ரப்பர்ல வெள்ளைப் படிமம், வெடிப்பு, பள்ளம் இருந்தா தூக்கிப் போடு. கையோட ரேடியேட்டர் கழுத்துல மூடி உக்கார்ற விளிம்பையும் விரலால தடவிப் பாரு. அங்க நெளிஞ்சிருந்தா தங்கத்துல மூடி செஞ்சு போட்டாலும் புடிக்காது.

புது மூடி வாங்கும்போது ஒரு ஆசை வரும், "பெருசாவே குடுங்கண்ணே"ன்னு. 7 பவுண்டுக்குப் பத்த வச்ச பித்தளை ரேடியேட்டர்ல 15 பவுண்டு மூடியப் போட்டா மூடி ஜெயிக்கும், ஈயப் பத்து தோத்துப்போவும். பழைய மூடியில அடிச்சிருக்குற எண்ணைப் படி. படிக்க முடியலைன்னா கண்ணாடி போடு, வயசாவுது உனக்கும்.

மூடி சரியா இருந்தும் குறைஞ்சா வெளியில ஒழுகுதான்னு பார்க்கணும். ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பழைய அட்டைய விரிச்சு வை. காலையில ஈரம் எந்த எடத்துல இருக்கோ அதுக்கு நேர் மேலே பாரு. ஹோஸ் கிளிப்புல இருக்கும். வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பான். அதுல சொட்டுனா உள்ளே சீல் போயிடுச்சு, அந்த ஓட்டைய எம்-சீல் வச்சு அடைக்குற மேதைகளை நான் பார்த்திருக்கேன். பிளாக்கு பக்கவாட்டுல வட்டமா அடிச்சு வச்சிருக்குற தகரத் தட்டு, அது உள்ளேர்ந்து துருப்புடிச்சு ஊசிமுனையளவு ஓட்டை போட்டிருக்கும். இதுல ஒரு கள்ளத்தனம் உண்டு. சில ஒழுக்கு சூட்டுல மட்டும்தான் வரும், சொட்டு கீழே விழுறதுக்குள்ள இரும்புச் சூட்டுல காஞ்சுபோவும். அட்டை காய்ஞ்சே இருக்கும். ஆனா வெள்ளையாவோ பச்சையாவோ உப்புப் பூத்த தடம் நிக்கும். டார்ச்சை வச்சுத் தேடு. கூலண்ட் ஊத்துன வண்டின்னா நாக்குல வச்சுப் பார்க்குற வேலையும் வேணாம். இனிக்கும், ஆனா விஷம். கீழே கொட்டுனதை நாய் நக்குனாச் செத்துப்போவும், உடனே கழுவி விடு.

இதையெல்லாம் ஒரே தடவையில காட்டிக் குடுக்குற கருவி ஒண்ணு இருக்கு. ரேடியேட்டர் கழுத்துல மாட்டிக் கையால காத்தடிக்குற பம்பு, மேலே முள்ளு. ஆறுன எஞ்சின்ல, மூடியில போட்டிருக்குற பவுண்டு வரைக்கும் அடிச்சு நிறுத்திட்டு ஒரு டீ குடி. முள்ளு அசையாம நின்னா சிஸ்டம் சுத்தம். இறங்குச்சுன்னா எங்கேயாவது ஈரம் தெரியும். முள்ளு இறங்குது, வெளியில ஒரு துளி ஈரம் இல்லைன்னா அப்பத்தான் மருமவனே உன் வயித்துல புளி கரையணும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நடுவுல சூட்டைப் பத்தி ஒண்ணு. நம்ம ஊருல மலை ஏது? தரங்கம்பாடியிலேர்ந்து குத்தாலம் வரைக்கும் ஏத்தம்னா பாலம்தான். அதனால இங்கே சூடேறுறதுக்கு ரெண்டு எடம். நவக்கிரக டிரிப் அடிக்குறவனைக் கேளு, திங்களூர்ல ஆரம்பிச்சுத் திருநள்ளாறு வரைக்கும் ஒரே நாள்ல ஒன்பது கோயில், நடுவுல எத்தனை ரயில்வே கேட்டு! கேட்டுல நிக்கும்போது சூடு காட்டுற முள்ளு ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்குனா காத்து பத்தல: ஃபேன் பெல்ட் தளர்வு, இல்லாட்டி ரேடியேட்டர் முகம் அடைப்பு. மாறா, சீர்காழி ரோட்டுல விரட்டும்போது ஏறி, மெதுவாப் போனா இறங்குனா தண்ணி ஓட்டம் பத்தல: உள்குழாய் அடைப்பு, பம்பு இறக்கை தேய்வு, இல்ல கீழ் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாவுது. காத்தா தண்ணியான்னு தெரிஞ்சாப் பாதிச் செலவு மிச்சம்.

முகம் அடைக்குறது நம்ம ஊரு விசேஷம். தை மாசம் அறுப்பு மிஷின் கிளப்புற தூசியும் பதரும், பங்குனியில ரோட்டுல பரப்பி வச்சிருக்குற உளுந்துக் கொடியும். அடுத்தவன் உளுந்தை உன் வண்டி ஓசியில அடிச்சுக் குடுக்குது, கூலியா ரேடியேட்டர் நிறையச் சருகு. எஞ்சின் பக்கத்திலேர்ந்து வெளியே பார்த்துத் தண்ணி பீய்ச்சு. முன்னாலேர்ந்து பீய்ச்சுனா உள்ளே இன்னும் இறுகும்.

முள்ளையும் ரொம்ப நம்பிடாதே. தண்ணி குறைஞ்சு, சூடு பார்க்குற பல்பு ஆவியில தொங்குச்சுன்னா முள்ளு திடீர்னு கீழே இறங்கும். நீ "அப்பாடா, ஆறிடுச்சு"ன்னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவ. கீழே எஞ்சின் வெந்துக்கிட்டிருக்கும். அப்படி வெந்த எஞ்சின்ல உடனே வாய்க்கால் தண்ணிய மொண்டு ஊத்தாதே, இரும்பும் விரிசல் விடும். ஓரங்கட்டி ஆற விடு.

தண்ணின்னு சொன்னேனே, எந்தத் தண்ணி ஊத்துற? பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கம் போறப்பல்லாம் எங்க போர் கண்டாலும் கேனை நிரப்புறியாம். கடலோரப் போர்த்தண்ணியில உப்பு. உள்ளே படிஞ்சு ஓடு கட்டும், இரும்பை அரிக்கும். வாய்க்கால் தண்ணியில வண்டல். வயலுக்கு வண்டல் நல்லது, ரேடியேட்டர்ல நீ என்ன நடவா போடப்போற? பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியோட கூலண்ட் கலந்து ஊத்து. மயிலாடுதுறையில தண்ணி உறையாதுதான், கூலண்ட் இங்கே துருவைத் தடுக்கத்தான். ரெண்டு கம்பெனிக் கூலண்டைக் கலக்காதே, சிலது கூழாக் கட்டிக்கும்.

தெர்மோஸ்டாட் இருக்கா உன் வண்டியில? இருக்காது. நம்ம பக்கத்து மெக்கானிக்குங்க முதல் வேலையா அதைக் கழட்டிக் கடாசிடுவானுவ. "சூட்டு ஊருக்கு எதுக்குண்ணே"ம்பான். அது இல்லாட்டி எஞ்சின் பதமான சூட்டுக்கே வர நேரமாவும், பெட்ரோல் கூட குடிக்கும், ஆயில்ல கசடு சேரும். கெட்டுதான்னு தெரியணும்னா சட்டியில தண்ணி வச்சு நூல் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சு. மேலே அடிச்சிருக்குற டிகிரியில திறந்தா நல்லது. சட்டி உங்க அம்மாவுக்குத் தெரியாததா இருக்கட்டும்.

இப்ப அந்தப் புளி கரையுற விஷயம். வெளியில ஈரமே இல்லாமத் தண்ணி போனா ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல. மார்கழிக் காலையில எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும், அதைப் பார்த்து அழாதே. நல்லாச் சூடேறி, உச்சி வெயில்லயும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா யோசி. ஆயில் ஊத்துற மூடியில வெளுத்த பசை இருந்தாலும் உடனே தீர்ப்புச் சொல்லாதே. கடைத்தெரு வரைக்கும் மட்டுமே போற வண்டியில வெறும் ஈரமே அப்படிப் படியும். டிப் ஸ்டிக்குலயும் வெளுப்பு ஏறி, ஆயில் மட்டமும் கூடியிருந்தா அது வேற. நாலு பிளக்கையும் கழட்டு. மூணு கறுத்து, ஒண்ணு மட்டும் கழுவித் துடைச்சாப்புல பளபளன்னா அந்தச் சிலிண்டர் தண்ணி குடிக்குது.

ஒரு பழைய சோதனை இருக்கு. ஆறுன எஞ்சின்ல ஃபேன் பெல்ட்டைக் கழட்டு, பம்பு சுத்தக்கூடாது. மூடியத் திறந்து கழுத்து வழிய ஊத்து. இந்த ஒரு தடவை மட்டும் ஊத்திக்க, ஆசை தீரட்டும். ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை லேசாத் தட்டிக்கிட்டே ஒரு நிமிஷம் பாரு. குபுகுபுன்னு குமிழி நிக்காம வந்தா சிலிண்டர்ல எரியுற காத்து தண்ணிக்குள்ள பூந்துடுச்சு. அதுக்கு மேல ஓட்டாதே, வெந்துபோவும். நிச்சயமாத் தெரியணும்னா நீலத் திரவம் ஒண்ணு வருது, ரேடியேட்டர் கழுத்துல வர்ற காத்தை அதுக்குள்ள இழுத்தா எரிஞ்ச காத்து இருந்தா மஞ்சளா மாறும். நீ போட்ட மஞ்சத்தூள்னு தப்பாப் புரிஞ்சுக்காதே.

காலையில ஸ்டார்ட்டர் "டொக்"குன்னு நின்னுபோனா விடாம அடிக்காதே. சிலிண்டர்ல தண்ணி நின்னா பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். பிளக்கைக் கழட்டிட்டுச் சுத்து, தண்ணி பீய்ச்சிக்கிட்டு வெளியே வரும்.

கேஸ்கட்டுதான்னு முடிவாச்சுன்னா ஹெட்டை இறக்கட்டும், வேற வழி இல்ல. ஆனா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காரு. ஹெட்டு மேலே நேர்க்கம்பி வச்சு அடியில ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பார்க்காம லேத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனா நிறுத்து. பிளாக்கு மேலயும் அதே கம்பிய வைக்கச் சொல்லு. போல்ட்டை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, ரெண்டு மூணு தவணையா, டார்க் ரென்ச்சுல முறுக்கணும். "எனக்குக் கை சொல்லும்ணே"ன்னு சொன்னா கை சொல்றதை ரென்ச்சும் சொல்லட்டும்னு சொல்லு. ரேடியேட்டரையும் அன்னைக்கே பட்டறையில குடுத்து டேங்க்கைப் பிரிச்சு ராடு விட்டுக் கழுவச் சொல்லு, வாராவாரம் பூசுன மங்கலமெல்லாம் அங்கதான் கிடக்கும்.

அதுக்கெல்லாம் முன்னாடி மூடிய வாங்கு. வாங்கிக்கிட்டு நாளைக்கு விடியக்காலம் வண்டிய எடுத்துக்கிட்டு வா, நானே மாட்டிப் பார்க்குறேன். ஆனா எஞ்சினைப் போடாதே, ரெண்டு பயலுவளை வச்சுத் தள்ளிக்கிட்டு வா. ஓட்டிக்கிட்டு வந்தியானா சூடு ஆறுற வரைக்கும் எங்க வீட்டுத் திண்ணையில உக்காரணும். உங்க அத்தை குத்தாலத்திலேர்ந்து வந்த ஒரு ஜாதகத்தை உனக்காக ரெண்டு வாரமா மடியிலயே வச்சுக்கிட்டுத் திரியுறா.